வடக்கு வயலின் ஐயாயிரத்து இருநூறு

அலுவலகத்தில் அவளை முதுகுக்குப் பின்னால் புள்ளியம்மா என்றார்கள். முகத்துக்கு நேரே மேடம். நாட்டின் எண்ணெய், எரிவாயுப் புள்ளிவிவரப் பிரிவுக்கு இருபத்திரண்டு வருடமாக அவள்தான் தலைவி. எந்த எண்ணெய் வயலில் எத்தனை பீப்பாய் எடுத்தார்கள், எவ்வளவு வாயு வீணாக எரிந்து போயிற்று, போன வருடத்தைவிட ஏற்றமா இறக்கமா என்பதெல்லாம் அவள் கையெழுத்து விழுந்த பிறகுதான் உண்மை. வருடத்துக்கு ஒருமுறை அவள் பிரிவு கொண்டுவரும் நீல அட்டைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் எந்த வயலுக்குப் புது பம்பு, எந்த வயலுக்குப் பூட்டு என்று மேலிடம் முடிவு செய்யும்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவளை யாரும் பார்த்ததில்லை. அந்த நிமிர்வு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் துறைமுகத் தொட்டிகளில் எண்ணெய் அளந்தவர். இரும்பு நாடாவின் நுனியில் பித்தளைக் குண்டைக் கட்டித் தொட்டியின் அடிவரை இறக்குவார். இழுத்தெடுத்து, எண்ணெய் நனைத்த இடத்தைப் படித்து எழுதுவார். ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டு தடவை. இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது தடவை. அவர் எழுதிய எண்ணை விற்றவனும் மறுத்ததில்லை, வாங்கினவனும் மறுத்ததில்லை. அதனால் குடும்பத்துக்கே ‘அளவுக்காரர் வீடு’ என்று பேர் விழுந்தது. வேறு சொத்து அந்த வீட்டில் கிடையாது.

அம்மா போனபோது அவளுக்குப் பதினேழு வயது, தம்பிக்கு எட்டு. கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடம், தம்பி படிப்பு முடியட்டும் என்றாள். படிப்பு முடிந்தபோது பேச்சை எடுக்க ஆள் மிஞ்சவில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. தம்பி பொறியாளர் ஆனான், வடக்கு வயலுக்கே மேலாளர் ஆனான். அவன் பொறுப்பேற்ற அன்று அப்பாவின் பித்தளைக் குண்டைத் துடைத்து அவன் கையில் கொடுத்தவள் அவள்தான்.

வடக்கு வயலுக்கும் பக்கத்திலிருந்த தெற்கு வயலுக்கும் கடற்கரை வரை ஒரே குழாய். குழாயின் கடைசியில் ஒரே மீட்டர். இரண்டு வயலின் எண்ணெயும் கலந்து வருவதால் மொத்தம் எவ்வளவு என்று மட்டுமே மீட்டர் சொல்லும். யாருடையது எவ்வளவு என்பதற்கு அந்தந்த வயல் தன் தொட்டியை அளந்து அனுப்பும் எண்தான் ஆதாரம். இரண்டையும் கூட்டினால் மீட்டரோடு பொருந்த வேண்டும். வெகுகாலம் பொருந்தியது. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் பொருந்தாமல் போயிற்று.

அப்போது யாரோ ஒருவருடைய எண்ணை நம்பித்தான் ஆக வேண்டும். அவள் வடக்கை நம்பினாள். மீட்டரிலிருந்து வடக்கின் எண்ணைக் கழித்து மிச்சத்தைத் தெற்கின் பேரில் எழுதினாள். தெற்கு தான் எடுத்ததாகச் சொன்னதற்கும் அந்த மிச்சத்துக்கும் இடையில் விழுந்த பள்ளத்தை அடிக்குறிப்பில் போட்டாள். ‘தெற்கு வயல்: காரணம் காட்டப்படாத இழப்பு.’ வருடா வருடம் பள்ளம் பெரிதாயிற்று. அடிக்குறிப்பு மட்டும் மாறவில்லை.

மேலிடத்தில் இருந்தவர்கள் அந்த மூன்று சொல்லைத் திருட்டு என்று படித்தார்கள். தெற்கு வயலின் மேலாளரை, எல்லோரும் நெட்டையர் என்று கூப்பிடும் அந்த ஒல்லியான மனிதரை, போன வருடம் வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரணை போட்டார்கள். இந்த வருடப் புத்தகமும் அதையே சொன்னால் தெற்கு வயலை மூடிவிடுவதாக முடிவு. அங்கே குடியிருப்பில் இருநூற்று நாற்பது குடும்பங்கள் இருந்தன. வடக்கு வயலின் மேலாளரோ அடுத்த மாதம் வாரியத்தில் உறுப்பினராக உட்காரப் போகிறான்.

மற்ற பத்து வயல்களின் எண்களையும் புள்ளியம்மா மூன்று வழியில் உரசிப் பார்ப்பாள். வடக்கை ஒருநாளும் உரசியதில்லை. தம்பியின் அளவைச் சோதிப்பதும் அப்பாவின் கையைச் சந்தேகப்படுவதும் அவளுக்கு ஒன்றுதான்.

அவளுக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று மாதம் இருந்தது. இதுதான் அவளுடைய கடைசிப் புத்தகம்.

வெள்ளிக்கிழமை காலை அட்டவணைக்காரர் ஒரு தாளோடு வந்தார். புத்தகத்தின் அட்டவணைகளை எல்லாம் அடுக்கிக் கட்டுவது அவர் வேலை. பதினெட்டு வருடம் அவளுக்குக் கீழே வேலை பார்த்தும் வாய் அடங்காத மனிதர்.

“மேடம், புதுசா கேட்டாங்களே தண்ணி அட்டவணை, வடக்கு வயல்ல இருந்து வந்துருச்சு. உங்க தம்பி எண்ணெயும் எடுக்கறாரு, ஊரே குளிக்கறதுக்குத் தண்ணியும் எடுக்கறாரு.”

“கிண்டலை அப்புறம் வச்சுக்கலாம். எவ்வளவு?”

“ஒரு நாளைக்கு அஞ்சாயிரத்து நூறு பீப்பாய்.”

அவள் பேனாவை மூடினாள். பூமிக்கடியிலிருந்து எண்ணெய் தனியாக வருவதில்லை, தண்ணீரையும் இழுத்துக்கொண்டுதான் வரும். வயலுக்கு வயது ஏற ஏற எண்ணெய் குறைந்து தண்ணீர் கூடும். அந்தத் தண்ணீரைப் பிரித்து லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோவார்கள். இந்த வருடம்தான் முதல் தடவையாக அந்தக் கணக்கையும் புத்தகத்தில் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. லாரிகளை எண்ணுவது சாலைச் சாவடி. வயல்காரர்கள் நினைத்தாலும் அதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

“தாளை வச்சுட்டுப் போங்க.”

“வடக்கு வயல் கோடு எனக்கு ரொம்பப் பிடிக்கும் மேடம். மத்த வயலெல்லாம் பல்லு போன சீப்பு மாதிரி ஏறி இறங்கும். இது மேல டீ கிளாஸ் வச்சா சொட்டு சிந்தாது.”

நேற்று வரை அந்தப் பேச்சுக்கு அவள் உள்ளூர மகிழ்ந்திருப்பாள். ஏழு வருடமாக ஐயாயிரத்து இருநூறு, அதற்கு ஐம்பது மேலே, ஐம்பது கீழே. தம்பியின் திறமை என்று அவளே இரண்டு கூட்டத்தில் சொல்லியிருக்கிறாள்.

கதவைச் சாத்திக்கொண்டு கூட்டினாள். எண்ணெய் ஐயாயிரத்து இருநூறு. தண்ணீர் ஐயாயிரத்து நூறு. இரண்டும் சேர்ந்து பத்தாயிரத்து முந்நூறு. வடக்கு வயலின் பம்புகள் எல்லாம் ஒரு நாள் முழுக்க ஓடினாலும் எண்ணெயும் தண்ணீருமாக ஒன்பதாயிரம் பீப்பாய்க்கு மேல் தூக்க முடியாது. அது அவளுடைய புத்தகத்திலேயே முதல் அட்டவணையில் இருந்தது.

ஆயிரத்து முந்நூறு பீப்பாய் எங்கிருந்து வந்தது?

தெற்கு வயலின் அடிக்குறிப்பைத் திருப்பினாள். காரணம் காட்டப்படாத இழப்பு, நாளொன்றுக்கு ஆயிரத்து முந்நூற்று ஐம்பது.

நாற்காலியின் முதுகு அவள் முதுகில் பட்டது. அப்போதுதான் தான் சாய்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. நெட்டையர் வீட்டைத் தேடிப் போனாள். வாசலில் ஒரு பள்ளி வேன் நின்றது. அதன் முன்பக்கத்தைத் திறந்துவைத்து அவர் உள்ளே குனிந்திருந்தார். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தார். நிமிர்வதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, அத்தனை உயரம்.

“உள்ள வாங்கன்னு கூப்பிடணும். ஆனா உங்க பேரைக் கேட்டாலே என் வீட்டுக்காரி கையில இருக்கறதை வீசுவா. இன்னிக்கு அவ கையில குழம்புச் சட்டி. இங்கயே நிப்போம்.”

“நிக்கறதுக்குத்தான் வந்தேன். உங்க தொட்டி அளவுத் தாளுங்க இருக்கா?”

அவர் கந்தல் துணியில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“ரெண்டு தடவை உங்க ரூமுக்குக் கொண்டாந்தேன். தொட்டுக்கூடப் பாக்கல. ‘எங்க வீட்டு அளவைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதீங்க’ன்னீங்க. அது எனக்கு மனப்பாடம் மேடம். வேன் ஓட்டும்போதுகூட ஞாபகம் வரும்.”

“சொன்னேன். தப்பு.”

அந்த ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அவர் உள்ளே போனார். உள்ளே ஒரு பெண்குரல் உயர்ந்தது, பாத்திரம் ஒன்று விழுந்தது. ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார்.

“ஆபீஸ் காப்பியெல்லாம் என்னை நிறுத்தினப்பவே எடுத்துக்கிட்டாங்க. கேட்டா காணோம்கறாங்க. இது நாங்க வச்சிருந்த காப்பி. ஏழு வருஷம். அளந்தவன் கையெழுத்து, பக்கத்துல நின்னவன் கையெழுத்து. வேற கிடையாது. விசாரணைக்கு எனக்கு இருக்கறது இவ்வளவுதான்.”

“திங்கக்கிழமை உங்க கையில திரும்ப வரும்.”

“வரணும்,” என்றார் நெட்டையர்.

வீட்டில் மேசைமேல் பெட்டியைத் திறந்தாள். தாள்களில் எண்ணெய்ப் பெருவிரல் ரேகைகள். மழையில் நனைந்து மை பரவிய பக்கங்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டு அளவு, இரண்டுக்கும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். சில நாள் மூன்றாவது அளவு. கை அளந்தால் அப்படித்தான் இருக்கும். தம்பி அனுப்பிய தாள்களைப் பக்கத்தில் வைத்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தன. முதல் அளவும் இரண்டாவது அளவும் ஒரு மயிரிழைகூட மாறாமல் ஒன்றாகவே இருந்தன. ஏழு வருடமும் அப்படியே.

அந்தத் தொட்டிகளில் நாடா இறங்கவே இல்லை. அளவுக்காரர் மகன் உட்கார்ந்த இடத்தில் எண் எழுதியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி கதவைத் திறந்தாள்.

“வாங்க அண்ணி, வாங்க. சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க! போன் பண்ணியிருந்தா வண்டி அனுப்பியிருப்பாரே. உக்காருங்க, காபி கொண்டாரேன்.”

“காபி வேண்டாம்மா. அவனைக் கூப்பிடு.”

கூடத்தில் கண்ணாடி அலமாரி இருந்தது. விருதுகளுக்கு நடுவே வெல்வெட் துணிமேல் அப்பாவின் பித்தளைக் குண்டு. அதற்கு வார்னிஷ் பூசியிருந்தார்கள். தங்கம்போல மின்னியது.

தம்பி சிரித்துக்கொண்டே வந்தான். “என்னக்கா, ஞாயித்துக்கிழமைகூட மூட்டை முடிச்சோடவா?” என்றவன் பெட்டிமேல் எழுதியிருந்த தெற்கு வயலின் பேரைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. மனைவியைப் பார்த்தான். அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு சாத்திய விதத்தில் புள்ளியம்மாவுக்குப் புரிந்தது. இந்த வீட்டில் தெரியாதது தனக்கு மட்டும்தான்.

“நெட்டையர் தாள்ல ரெண்டு அளவும் கொஞ்சம் கொஞ்சம் மாறுது. உன் தாள்ல ஏழு வருஷமா ஒரு மயிரிழைகூட மாறல. எப்படிடா?”

அவன் உட்கார்ந்தான். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“அந்த மழைக்கு வயல் திடீர்னு விழுந்துருச்சுக்கா. ஒரு மாசத்துக்குன்னுதான் எழுதினேன். அடுத்த மாசம் ஏத்திடலாம்னு நினைச்சேன். ஏறல.”

“ஏறலன்னா ஏறலன்னு எழுதணும்.”

“எழுதினா? அளவுக்காரர் பையன் கையில வயல் வறண்டுபோச்சும்பாங்க. நீதானே கூட்டத்துல எல்லாம் என் கோட்டைக் காட்டிக் காட்டிப் பேசின? அதை எப்படிக்கா நான் இறக்குவேன்?”

“என் தலைல போடாத. உன் பொய்யை ஒரு மனுஷன் சுமந்துக்கிட்டு வேன் ஓட்டறான்.”

“உன்னோட பிரிவு கண்டுபிடிச்சிருந்தா அன்னிக்கே நின்னிருக்கும்.”

“ஏன் கண்டுபிடிக்கல?”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். சின்ன வயதில் திருடித் தின்றுவிட்டு நிற்பானே, அதே முகம்.

“நீ பாக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்.”

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அத்தனை வலித்திருக்காது. இத்தனை வருடம் அவன்மேல் வைத்திருந்த நம்பிக்கையை அவன் ஒரு போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே வேலையைப் பார்த்திருக்கிறான்.

அவன் அழ ஆரம்பித்தான். ஐம்பது வயது ஆண் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். “நீயா சொல்லாதக்கா. பதினோரு வயல்காரன் முன்னாடி அக்காவே தம்பியைக் காட்டிக்குடுத்துட்டாள்னு ஆயிரும். நாளைக்கு எல்லாரும் உக்காந்து புத்தகம் வாசிக்கறப்ப நானே சொல்றேன். என் வரி வரும்போது மறுக்கிறேன்னு சொல்லி, நெட்டையர் தாளை எல்லார் முன்னாடியும் வச்சு, நான்தான் தப்புப் பண்ணேன்னு சொல்லிடறேன். அந்த மரியாதையாவது எனக்கு மிஞ்சட்டும்.”

தவறு செய்தவன் தானே எழுந்து நின்று ஒப்புக்கொண்டால் வீட்டின் பேரில் பாதியாவது நிற்கும். அவள் யோசித்தது அதைத்தான். வேறு எந்த வயல் மேலாளர் கேட்டிருந்தாலும் தாளை விட்டுக் கையை எடுத்திருக்க மாட்டாள். பெட்டியை அவன் மடியில் வைத்தாள்.

“நாளைக்கு இது உன் கையில இருக்கணும்.”

“அப்பா மேல சத்தியம்கா.”

திங்கட்கிழமை வாசிப்பு நாள். புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன் நடக்கும் சடங்கு அது, அவள் கொண்டுவந்தது. பதினோரு வயல் மேலாளர்களும் நீள மேசையைச் சுற்றி உட்காருவார்கள். தெற்கு வயலுக்கு இப்போது ஒரு தற்காலிக மேலாளர். அட்டவணைக்காரர் ஒவ்வொரு வரியாக உரக்கப் படிப்பார். அந்த வயலின் மேலாளர் ‘ஒத்துக்கறேன்’ என்று சொல்லி வரியின் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எண் தவறு என்றால் ‘மறுக்கிறேன்’ என்று சொல்லிக் காரணம் காட்ட வேண்டும். அதன்பிறகு கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்து.

தம்பி நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கையில் மெல்லிய தோல் பை ஒன்று. பெட்டி அதற்குள் அடங்காது. காரில் இருக்கும் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

முதல் அட்டவணை, கிணறுகளும் பம்புத் திறனும்.

“வடக்கு வயல், ஒன்பதாயிரம் பீப்பாய்.”

“ஒத்துக்கறேன்.” கையெழுத்துப் போட்டான்.

இரண்டாவது, எரிவாயு. மூன்றாவது, தண்ணீர்.

“வடக்கு வயல், ஐயாயிரத்து நூறு.”

“ஒத்துக்கறேன்.” அதிலும் கையெழுத்து. லாரிக்காரன் கணக்குத்தானே என்ற அலட்சியம்.

நான்காவது, எண்ணெய். அவள் வேண்டுமென்றே பழைய எண்ணைத் திருத்தாமல் விட்டிருந்தாள். மறுக்கும் மரியாதை அவனுடையதாக இருக்கட்டும் என்றுதான்.

“வடக்கு வயல், ஐயாயிரத்து இருநூறு.”

அவன் பேனாவை எடுத்தான். “ஒத்துக்கறேன்.”

மேசைமேல் இருந்த அவள் கை அசையவில்லை. “மறுபடி படிங்க,” என்றாள்.

அட்டவணைக்காரர் அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். “வடக்கு வயல், ஐயாயிரத்து இருநூறு.”

“ஒத்துக்கறேன்னு சொல்லியாச்சே மேடம்,” என்றான் தம்பி. அக்கா என்ற சொல் மேடமாகிவிட்டது. பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, குரலில் ஒரு வருத்தத்தை வரவழைத்துக்கொண்டான். “தப்பா எடுத்துக்காதீங்க. மேடத்துக்கு ஓய்வு நெருங்குது, உடம்பு சரியில்ல. நேத்துகூட வீட்டுக்கு வந்து ஏதேதோ பேசிட்டுப் போனாங்க. பாவம், தனியா இருக்காங்க. வீட்டு விஷயம், உங்ககிட்ட சொல்லக் கூடாது, ஆனாலும் மனசு கேக்கல.”

யாரோ இரக்கமாக உச்சுக்கொட்டினார்கள். அந்தச் சத்தம் அவள் காதில் நீளமாகக் கேட்டது.

“பெட்டி எங்க?” என்று கேட்டாள்.

“எந்தப் பெட்டி?” என்றான் அவன்.

வளர்த்த கை ஒன்று, வளர்ந்த கை ஒன்று, இரண்டும் ஒரே மேசைமேல் இருந்தன. அவன் கண்ணைத் தேடினாள். அவன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். தெற்கின் தொட்டி அளவுக்கு இருந்த ஒரே ஆதாரமும் போய்விட்டது, அதைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தோம் என்பது அந்தக் கணத்தில் அவளுக்குப் புரிந்தது. அவள் இப்போது வாயை மூடிக்கொண்டால் வீட்டுப் பேர் வெளியே பளபளவென்று இருக்கும், கண்ணாடி அலமாரிக்குள் வார்னிஷ் பூசிய குண்டு மாதிரி.

எழுந்து நின்றாள்.

“அட்டவணைக்காரரே, வடக்கு வயல் முதல் வரி படிங்க.”

“பம்புத் திறன் ஒன்பதாயிரம்.”

“கையெழுத்து இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“மூணாவது.”

“தண்ணீர் ஐயாயிரத்து நூறு. கையெழுத்து இருக்கு.”

“நாலாவது.”

“எண்ணெய் ஐயாயிரத்து இருநூறு. இப்பதான் போட்டாரு, மை காயல.”

“மூணையும் நாலையும் கூட்டுங்க.”

அவர் கூட்டுவதற்குள் கடல் வயலின் மேலாளர் கூட்டிவிட்டார். தொந்தியும் உரத்த குரலுமான மனிதர், பம்பிலேயே பிறந்து வளர்ந்தவர். “பத்தாயிரத்து முன்னூறு! ஒம்பதாயிரம் தூக்கற பம்பா இவ்வளவு தூக்குது? தம்பி, அந்தப் பம்புல எனக்கு ரெண்டு அனுப்புப்பா!”

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகக் கணக்கைப் புரிந்துகொண்டார்கள். ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். எல்லோரும் பம்புக்காரர்கள். யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“தண்ணிக் கணக்குல ஏதோ தப்பு,” என்றான் தம்பி. “அதை நான் மறுக்கறேன்.”

“சாவடில லாரி எண்ணினவனுக்கு உன் மேல என்னப்பா பகை?” என்றார் கடல் வயல்காரர், இந்தத் தடவை சிரிக்காமல்.

தெற்கு வயலின் தற்காலிக மேலாளர் தன் வரியில் இருந்த ஆயிரத்து முந்நூற்று ஐம்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

புள்ளியம்மா இரண்டு வயல்களின் வரியையும் அடித்தாள். பழைய அடிக்குறிப்பை அடித்தாள். அதன் கீழே நின்றபடியே எழுதி, எழுதியதை உரக்கப் படித்தாள். “வடக்கு வயலின் ஏழு ஆண்டு எண்கள் இந்தப் பிரிவில் சோதிக்கப்படாமல் ஏற்கப்பட்டவை. அவை நம்பத்தக்கவை அல்ல. தெற்கு வயலின் பேரில் எழுதப்பட்ட இழப்பு தெற்கு வயலுடையது அல்ல. சோதிக்காமல் விட்டது பிரிவுத் தலைவியின் தவறு.” முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்பாவின் பேரும் அதில் இருந்தது.

“ஒத்துக்கறேன்,” என்றார் கடல் வயல்காரர். அது அவருடைய வரியே இல்லை.

நடைவழியில் தம்பி அவளை மறித்தான். முகம் வெளுத்திருந்தது.

“திருப்தியா? ஊர் முன்னாடி வீட்டு மானத்தை ஏலம் போட்டுட்ட. அப்பா இருந்திருந்தா...”

“அப்பா இருந்திருந்தா உன் தொட்டி மேல ஏறிப் பாத்திருப்பாரு. நான் ஏறல. அதுதான் வித்தியாசம். பெட்டியை என்னடா பண்ணின?”

“எரிச்சாச்சு. நேத்தே.” அதைச் சொல்ல அவனுக்கு ஒரு தயக்கமும் இல்லை. “இனிமே எங்க வீட்டு வாசல் பக்கம் வராத.”

“குண்டை மட்டும் அனுப்பிரு.”

“அது மகனுக்குக் குடுத்தது.”

அவன் படியிறங்கிப் போனான். நல்ல சட்டையின் முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது. சின்ன வயதில் அந்த முதுகைத் துவட்டிவிட்ட கை, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

மாலை நாலு மணிக்குப் பள்ளி வாசலில் நெட்டையரின் வேன் நின்றது. அவர் அவள் முகத்தைப் பார்க்குமுன் கையைப் பார்த்தார். கையில் ஒற்றைத் தாள்தான் இருந்தது.

“பெட்டி?”

அவள் சுற்றி வளைக்கவில்லை. “என் தம்பிகிட்ட குடுத்தேன். அவனே கொண்டாந்து ஒத்துக்கறேன்னான். எரிச்சுட்டான்.”

நெட்டையர் வேன் கதவில் கையை ஊன்றினார்.

“மறுபடியும் அவர்கிட்டயா?” என்றார்.

அவள் தாளை நீட்டினாள். அடிக்குறிப்பின் நகல் அது. அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்தார் என்பது அவர் உதடு அசைந்ததில் தெரிந்தது.

“விசாரணை நின்னுரும். வயலையும் மூட மாட்டாங்க,” என்றாள்.

“நின்னுரும். சரி. என் பேரு திரும்ப வந்துருச்சு, நல்லது.” தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “அந்தத் தாளுங்க நான் எழுதினது இல்ல மேடம். என் ஆளுங்க மழைலயும் வெயில்லயும் தொட்டி மேல ஏறி அளந்தது. அதுல ஒருத்தன் போன வருஷம் செத்துட்டான். அவன் கையெழுத்து வேற எங்கயும் கிடையாது. அவன் பையன் கேட்டுக்கிட்டே இருக்கான், எங்க அப்பா எழுதினதைக் காட்டுங்கன்னு. கேஸ் முடியட்டும்டா, தரேன்னு சொல்லி வச்சிருந்தேன்.”

அவளுக்கு இரண்டு நாளுக்கு முன் சொன்ன ‘தப்பு’ என்ற அந்த ஒரு சொல் நினைவுக்கு வந்தது. அது இதற்குப் போதாது.

பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்து வேனை நிறைத்தார்கள். நெட்டையர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். அவள் அப்போதும் வண்டிக்கு முன்னால் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவர் ஹாரன் அடிக்கவில்லை. காத்திருந்தார்.

அவள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.